மூடிய ஜன்னல் வழியே

அக்காவின் அறைக் கதவு தினமும் மாலை ஆறே முக்கால் வாக்கில் தானாக அறைந்து சாத்திக்கொண்டது. ஒரு நாள் என்றால் விட்டுவிடலாம். பன்னிரண்டு நாள் தொடர்ந்து நடந்தது. அந்த நேரத்தில் வெளியே ஓர் இலைகூட அசைவதில்லை. அறையில் ஆளும் இல்லை. அக்கா எங்கள் வீட்டை விட்டுப் போய் ஏழு மாதம் ஆகியிருந்தது. அடைந்து கிடந்த அறையில் பூஞ்சை வாடை அடிக்கிறது என்று என் மனைவிதான் இரண்டு வாரமாக அந்தக் கதவைப் பாதி திறந்து வைத்தாள். ஜன்னலின் மேல் கதவையும் திறந்துவிட்டாள்.

முதலில் கீல் மீது சந்தேகப்பட்டேன். கதவுநிலை கொஞ்சம் சாய்ந்திருந்தால் கதவு தன் எடையாலேயே ஒரு பக்கம் நகரும். ஆனால் அப்படி நகரும் கதவு காலையிலும் நகர வேண்டும், மத்தியானமும் நகர வேண்டும். இருந்தாலும் ரசமட்டத்தை வைத்துப் பார்த்தேன். குமிழி நடுவில் அசையாமல் நின்றது. வெயில் தணிந்ததும் மரம் சுருங்குகிறதோ என்று யோசித்தேன். சுருங்கும் மரம் முனகும், அறையாது. கீலுக்கு எண்ணெய் விட்டேன். இன்னும் வேகமாக அறைந்தது. அட்டையை மடித்துக் கதவுக்கு அடியில் செருகினேன். அதையும் இழுத்துக்கொண்டு போய்ச் சாத்திக்கொண்டது.

"அண்ணிக்குக் கோபம் இன்னும் தீரல போலிருக்கு. ஆள் போனாலும் கதவை மட்டும் தினமும் அறைஞ்சு சாத்திட்டுப் போறாங்க" என்றாள் மனைவி.

விளையாட்டாகத்தான் சொன்னாள். என்னால் சிரிக்க முடியவில்லை. அக்கா போன அன்று அந்தக் கதவை மிக மெதுவாகச் சாத்திவிட்டுப் போனாள். தாழ்ப்பாள் விழும் சத்தம்கூடக் கேட்கவில்லை.

நான் செய்வது காற்று வேலை. உணவகங்களின் சமையல் கூடம், சாயப் பட்டறை, அச்சகம் ஆகிய இடங்களில் புகையும் நெடியும் வெளியே போகத் தகரக் குழாய்களும் விசிறிகளும் பொருத்துகிறேன். இருபத்திரண்டு வருடமாக இதே தொழில். அக்கா எனக்கு வைத்த பெயர் 'காத்தாடி'. என்னைவிட ஆறு வயது மூத்தவள். தையல்காரி. கிழிந்ததையும் சிறுத்ததையும் சரிசெய்து கொடுப்பதில் கெட்டிக்காரி. அத்தான் இறந்த பிறகு தனியாக இருந்தவளை நான்தான் நச்சரித்து எங்களோடு கூட்டி வந்தேன். வீட்டின் முன்பகுதியில் இடது பக்க அறையை அவளுக்குக் கொடுத்தோம். தையல் இயந்திரம், துணி வெட்டும் மேஜை, கட்டில் மூன்றும் அதில் அடங்கின.

அவள் வந்த வருடம்தான் வீட்டைச் சுற்றி இருந்த மண்ணில் தோட்டம் போடலாம் என்று முடிவானது. நிறத்துக்காகச் செடி வாங்குவது எல்லோரும் செய்வது, நாம் வாசனைக்காக வாங்குவோம் என்றேன். யாருக்கு எது பிடிக்கும், எது ஆகாது என்று தெரியாமல் வாங்கினால் பிறகு சண்டை வரும். அதனால் ஒரு தாளில் கட்டம் போட்டுக்கொண்டு அக்காவையும் மனைவியையும் செடிப் பண்ணைக்கு அழைத்துப் போனேன். கண்ணைக் கட்டிவிட்டு ஒவ்வொரு பூவாக மூக்கருகே நீட்டுவது, பத்துக்கு எவ்வளவு என்று அவர்கள் சொல்வது, நான் எழுதிக்கொள்வது. கண் திறந்திருந்தால் நிறமும் வடிவமும் சேர்ந்து மதிப்பெண் வாங்கிவிடும் அல்லவா.

பண்ணைக்காரர் எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். "சார், நீங்க பூ வாங்க வந்தீங்களா, கண் ஆஸ்பத்திரி நடத்த வந்தீங்களா?"

"கொஞ்சம் பொறுத்துக்குங்க. இவனுக்கு ஒரு செடி வாங்கறதுன்னாலும் பரீட்சை வச்சுத்தான் வாங்கணும்" என்றாள் அக்கா, கண் கட்டோடு.

மல்லிகைக்கு அக்கா ஏழு கொடுத்தாள், மனைவி எட்டு. ரோஜாவுக்கு மனைவி ஒன்பது. அக்கா நாலு கொடுத்து, "சோப்பு டப்பாவைத் திறந்த மாதிரி இருக்கு" என்றாள். சாமந்தியை நீட்டியதும் மனைவி மூக்கைச் சுளித்தாள்; "கசந்த மருந்துங்க இது, ரெண்டுக்கு மேல போடாதீங்க." அக்கா ஆறு போட்டாள். எலுமிச்சைப் பூவுக்கு அக்கா பத்தும் கொடுத்தாள். மறுபடி ஒரு முறை முகர்ந்துவிட்டு, "இதை என் ஜன்னலுக்குக் கீழே வைடா" என்றாள்.

கடைசியாக இரவு ராணி. மெல்லிய குழல் போன்ற பச்சை வெள்ளைப் பூ. பகலில் வாயை மூடிக்கொண்டு, பொழுது சாய்ந்த பிறகே மணக்கும். பண்ணைக்காரர் ஒரு கிளையை இருட்டறையில் வைத்திருந்து எடுத்து வந்தார். மனைவி முகர்ந்துவிட்டு, "பத்துங்க. பதினொண்ணு இருந்தா பதினொண்ணு" என்றாள். அக்கா ஓர் அடி பின்னால் போனாள்.

"தூக்கிட்டுப் போடா அந்தப் பக்கம். கண்ணுக்குப் பின்னாடி ஆணி அடிக்கிற மாதிரி இருக்கு."

"பத்துக்கு எவ்வளவு?"

"சைபருக்குக் கீழே எதாவது இருக்கா?"

இருக்கிறது என்று சொல்லி, ஒன்றுக்கு முன்னால் கழித்தல் குறி போட்டேன். அக்கா கண் கட்டை அவிழ்க்காமலே பண்ணைக்காரர் பக்கம் திரும்பி, "உங்க கையில எங்கயோ காயம், களிம்பு போட்டிருக்கீங்க, சரியா?" என்றாள். அவர் சுண்டுவிரலைப் பார்த்துக்கொண்டார். மருந்து தடவி மெல்லிய துணி சுற்றியிருந்தது. அவள் மூக்கு அப்படிப்பட்டது. அதை நான் கண்ணால் பார்த்தேன், தாளில் எழுதியும் வைத்தேன். அப்படியிருந்தும் பின்னால் அப்படி நடந்துகொண்டேன்.

வீட்டின் அமைப்பைச் சொன்னால்தான் மீதிக் கதை புரியும். நீளவாக்கில் உள்ள வீடு. முன்னால் சாலை. நுழைந்ததும் கூடம், கூடத்துக்கு இடப்பக்கம் அக்காவின் அறை. நடுவில் ஒரு நடை. நடையின் கடைசியில், வலது பின்மூலையில் சமையலறை. வீட்டின் இடது சுவருக்கும் மதிலுக்கும் நடுவே மூன்றடி அகலத்தில் ஒரு சந்து, முன்னாலிருந்து பின்னால் வரை ஓடும். அக்காவின் ஜன்னல் அந்தச் சந்தைப் பார்த்தது. எலுமிச்சங்கன்றை அதற்குக் கீழேயே வைத்தோம். இரவு ராணியை எங்கே வைப்பது என்பதுதான் கேள்வி. மனைவிக்குப் பத்து, அக்காவுக்குக் கழித்தல் ஒன்று.

அதையும் தொழில் முறைப்படியே தீர்த்தேன். ஒரு வாரம், வேலை முடிந்து வந்ததும் கொசுவர்த்தியைக் கொளுத்தித் தோட்டத்தின் நாலு மூலையிலும் வைத்து, புகை போகும் திசையைக் குறித்தேன். நாலரை, ஐந்து மணிக்குக் காற்று சாலைப் பக்கமிருந்து பின்பக்கம் போகிறது. ஆக, செடியை இடது பின்மூலையில் வைத்தால் வாசனை பின்மதிலைத் தாண்டி வெளியே போய்விடும். அக்காவின் ஜன்னல் முப்பதடி தள்ளி, காற்று வரும் பக்கம் இருக்கிறது. மனைவி பின்வாசல் படியில் உட்கார்ந்தால் தாராளமாக முகரலாம். அப்படியே நட்டேன். கணக்கு சரியாக வந்த மகிழ்ச்சியில் அக்காவுக்குப் படம் வரைந்து காட்டினேன்.

"சரிடா காத்தாடி, நீ சொன்னா காத்து கேக்கும்" என்றாள்.

ஒன்றரை வருடத்தில் செடி ஆள் உயரம் வளர்ந்து பூத்தது. பூத்த முதல் நாள் மாலையே அக்கா, "வருதுடா" என்றாள்.

உடனே சோதித்தேன். சோதனை என்றால் எனக்கு ஒரு முறை உண்டு. ஒரு வாசனையைத் தேடும்போது மற்ற வாசனைகள் கலக்கக் கூடாது. அதனால் முதலில் சமையலறைக்குப் போய், "அடுப்பை அணை, புகை விசிறியை நிறுத்து, தாளிப்பு நெடியெல்லாம் அடங்கட்டும்" என்று மனைவியிடம் சொன்னேன். பத்து நிமிடம் காத்திருந்தேன். பிறகு அக்காவின் அறைக்குள் போய் மூச்சை இழுத்தேன். துணியும் இயந்திர எண்ணெயும் மணத்தன, அவ்வளவுதான்.

"இல்லையேக்கா."

"இப்ப இல்ல. கொஞ்ச நேரம் முன்னாடி இருந்துச்சு."

"செடி அங்கேயேதான இருக்கு? கொஞ்ச நேரத்துல எங்க போயிருக்கும்?"

அடுத்தடுத்த மாதங்களில் இன்னும் மூன்று முறை சோதித்தேன். ஒவ்வொரு முறையும் அதே ஒழுங்கு: அடுப்பை அணை, விசிறியை நிறுத்து, பத்து நிமிடம் பொறு. ஒவ்வொரு முறையும் வாசனை இல்லை. "ஜன்னலை மூடிட்டுப் பாருக்கா" என்றேன். மூடினாலும் வருகிறது என்றாள். எனக்கு அது போதுமான சாட்சியாகிவிட்டது. மூடிய ஜன்னல் வழியாக, எதிர்க்காற்றில், முப்பதடி தள்ளி இருக்கும் செடியின் வாசனை எப்படி வரும்? இரவு ராணி விடாமல் பூக்கும் செடியும் அல்ல. பத்து நாள் கொட்டும், பிறகு சில வாரம் சும்மா இருக்கும். அந்தப் பத்து நாளில் மட்டும் அக்காவுக்குத் தலைவலி. இதையும் நான் தலைகீழாகப் புரிந்துகொண்டேன். "மொட்டைப் பார்த்ததும் உனக்கு ஆரம்பிச்சிடுதுக்கா" என்றேன்.

"நான் அந்தப் பக்கமே போறதில்லடா."

இல்லாத வாசனையை மூளை உண்டாக்கும் கோளாறு ஒன்று உண்டு என்று எங்கோ படித்திருந்தேன். அதை அவளுக்கு மிகப் பொறுமையாக விளக்கினேன். மூக்கிலிருந்து மூளைக்கு நரம்பு எப்படிப் போகிறது என்று படம்கூடப் போட்டேன். மருத்துவரிடம் அழைத்துப் போனேன். அவர் மூக்கைப் பார்த்தார், படம் எடுக்கச் சொன்னார், ஒன்றும் தெரியவில்லை என்றார். பிறகு என் விளக்கத்தையும் கேட்டுவிட்டு, அப்படியும் இருக்கலாம் என்று மூன்று மாதத்துக்கு மாத்திரை எழுதிக் கொடுத்தார். அக்கா தவறாமல் போட்டாள். எப்போதும் தூங்கி வழிந்தாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மனைவி அரிவாளை எடுத்துக்கொண்டு பின்பக்கம் போனாள். "வெட்டிடறேங்க. அண்ணி முகத்தைப் பாக்க முடியல. எனக்கு ஒரு பூ இல்லாட்டி என்ன குறைஞ்சிடப் போகுது."

அப்போது நான் பேசாமல் இருந்திருக்கலாம். செடி போயிருக்கும், அக்கா இருந்திருப்பாள். ஆனால் செடியை வெட்டினால் என் கணக்கு தப்பென்று ஆகிவிடும். அவள் கையிலிருந்து அரிவாளை வாங்கி வைத்துவிட்டு, "இல்லாத வாசனைக்காக இருக்கிற செடியை வெட்டுறதா? பைத்தியக்காரத்தனத்துக்கு நாமளும் தாளம் போடணுமா?" என்றேன்.

அக்கா அப்போது துணி உலர்த்தப் பின்வாசலில் நின்றிருந்தாள். கையிலிருந்த துணியை உதறி, கொடியில் போட்டு, இரண்டு கவ்விகளையும் மாட்டிவிட்டுத்தான் உள்ளே போனாள். மறுவாரம் பக்கெட்டும் துடைப்பமும் விற்கும் ஒரு கடைக்கு மேல்மாடியில் அறை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். எங்கள் வீட்டிலிருந்து இரண்டு பேருந்து மாற வேண்டும். தொலைபேசியில் கூப்பிட்டால் எடுப்பாள். "நல்லா இருக்கேன். வேலை இருக்கு. வச்சிடறேன்." ஏழு மாதமாக இந்த மூன்று வாக்கியம்தான்.

பதின்மூன்றாம் நாள், கதவு அறையும் நேரத்தில் அந்த அறையிலேயே போய் உட்கார்ந்திருப்பது என்று முடிவு செய்தேன். ஒரு பொருள் நகர்ந்தால் ஏதோ ஒன்று தள்ளுகிறது. அதைப் பார்த்துவிட வேண்டும். ஆறரைக்கு அக்காவின் கட்டில் மீது உட்கார்ந்தேன். கட்டிலில் விரிப்பு இல்லை. தையல் இயந்திரம் இருந்த இடத்தில் தரையில் நாலு தேய்ந்த புள்ளிகள். ஜன்னலில் அவள் தைத்த திரை அசையாமல் தொங்கியது. கதவு பாதி திறந்திருந்தது.

சமையலறையில் சுவிட்சு தட்டும் சத்தம் கேட்டது. விசிறி உறுமத் தொடங்கியது. திரை மெல்ல உள்பக்கம் உப்பியது. பிறகு என் கண்ணெதிரே, யாரோ நடையிலிருந்து இழுத்தது போலக் கதவு நகர்ந்து, வேகம் பிடித்து, அறைந்து சாத்திக்கொண்டது.

"விசிறியை நிறுத்து!" என்று கத்தினேன்.

"எதுக்கு?"

"நிறுத்து சொல்றேன்!"

நிறுத்தினாள். திரை வடிந்து தொங்கியது. போடச் சொன்னேன். மீண்டும் உப்பியது. கதவு சாத்தியிருந்தும் உப்பியது. கதவு தரையில் உரசுகிறது என்று அக்கா வந்த புதிதில் அதன் அடியில் அரை அங்குலம் இழைத்துவிட்டது நான்தான். அந்த இடுக்கில் கையை வைத்துப் பார்த்தேன். காற்று நடைப் பக்கம் ஓடிக்கொண்டிருந்தது.

எழுந்து ஜன்னலின் மேல் கதவை மூடிவிட்டு வந்து மறுபடி உட்கார்ந்தேன். இரண்டு நிமிடம் இருக்கும். வாசனை வந்தது. சந்தேகப்பட ஒன்றுமில்லை, பின்வாசல் படியில் உட்கார்ந்தால் வருவதைவிட அடர்த்தியாக, தித்திப்பும் கனமுமாக, அறை முழுவதும் இரவு ராணி. மூடிய ஜன்னல் வழியாக வந்தது. கால் மணி நேரத்தில் எனக்கே நெற்றி வலித்தது. நான் எழுந்திருக்கவில்லை. அவள் இதில் எத்தனை மாலை உட்கார்ந்திருந்தாள் என்று எண்ணிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

நடந்தது இதுதான். சமையலறை விசிறி காற்றை வெளியே தள்ளுகிறது. ஒரு விசிறி எவ்வளவு காற்றை வெளியே தள்ளுகிறதோ, அவ்வளவு காற்று வேறு வழியாக வீட்டுக்குள் வந்தே ஆக வேண்டும். நாம் வழி வைக்காவிட்டால் எங்கே இடுக்கு இருக்கிறதோ அங்கிருந்து அது இழுத்துக்கொள்ளும். சாலைத் தூசிக்குப் பயந்து வீட்டின் எல்லா ஜன்னலுக்கும், முன் பின் கதவுகளுக்கும், சமையலறை ஜன்னலுக்கும்கூட விளிம்பில் ரப்பர் பட்டை ஒட்டியிருந்தேன். அக்காவின் ஜன்னலுக்கு மட்டும் ஒட்டவில்லை. ரப்பர் வாசனை தனக்கு ஆகாது என்று அவள் தடுத்துவிட்டாள். ஆக, வீட்டில் காற்று நுழைய மீதமிருந்த ஒரே இடம் அவளுடைய பழைய மர ஜன்னலின் இடுக்குகள். அந்த ஜன்னலுக்கு வெளியே சந்து. சந்தின் முன்வாயைத் தூசிக்காகத் தகரக் கதவு போட்டு அடைத்ததும் நானே. பின்வாய் திறந்திருந்தது, அங்கேதான் செடி. கடைகளில் தகரத்தில் நான் செய்து கொடுக்கும் குழாயை இங்கே இரண்டு சுவர்களால் செய்து, ஒரு முனையில் பூவையும் மறுமுனையில் என் அக்காவையும் வைத்திருந்தேன். நான் அளந்த காற்று ஐந்து மணிக் காற்று. ஆறரைக்கு அது நின்றுவிடும். பூ மணப்பதும் மனைவி அடுப்பு மூட்டுவதும் ஆறரைக்கு மேல்தான்.

இவ்வளவும் எனக்குத் தெரியாத விஷயம் இல்லை. ஒரு ரொட்டிக் கடையில் முன்கதவை வெளிப்பக்கமாகத் திறக்க வாடிக்கையாளர்கள் தோளால் இடிக்க வேண்டியிருக்கிறது என்று கூப்பிட்டார்கள். உள்ளே நுழையாமலே, "விசிறிக்கு ஈடா காத்து வர வழி விடுங்க" என்று சொல்லிவிட்டு வந்தேன். என் வீட்டில் நாலு முறை சோதித்தேன். நாலு முறையும் சோதனை சுத்தமாக இருக்க வேண்டும் என்று முதல் வேலையாக விசிறியை நிறுத்தினேன். காரணத்தை அணைத்துவிட்டுப் போய் விளைவைத் தேடியிருக்கிறேன்.

மறுநாள் வேலைக்குப் போகாமல் அக்கா குடியிருந்த மாடி அறைக்குப் போனேன். மாடிப்படி முழுக்கப் புது பிளாஸ்டிக் வாடை. கதவு திறந்திருந்தது. இயந்திரத்தில் குனிந்திருந்தவள் என்னைப் பார்த்ததும் மிதிப்பதை நிறுத்தினாள்.

"என்னடா, வேலை நாள்ல? வீட்டுல எல்லாரும் நல்லா இருக்காங்கல்ல?"

"நல்லா இருக்காங்க. உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்க்கா."

"சொல்லு. படம் கிடம் போடாம சொல்லு."

சொன்னேன். கதவில் தொடங்கி, திரை, விசிறி, சந்து, தகரக் கதவு, என் நாலு சோதனை எல்லாம் சொன்னேன். முடிந்த பிறகு நூல்கண்டை எடுத்து நூலைச் சுற்றினாள், பிரித்தாள், மறுபடி சுற்றினாள்.

"அப்ப நிஜமாவே வந்துச்சா?"

"வந்துச்சுக்கா. நேத்து நானே உட்கார்ந்து பார்த்தேன். எனக்கே தலை வலிச்சுது."

அவள் மூலையைக் காட்டினாள். நாற்காலி மீது ஒரு சாம்பல் நிறக் கோட்டு மடித்து வைத்திருந்தது. எழுந்து போய் விரித்துக் காட்டினாள். முதுகில் இஸ்திரிப் பெட்டியின் அச்சு, பழுப்பும் கருப்புமாகப் பதிந்திருந்தது.

"போன மாசம். பெட்டியை வச்சுட்டு இந்தப் பக்கம் ஒரு பட்டன் தச்சுக்கிட்டிருந்தேன். தீயுற வாசனை நல்லாவே வந்துச்சு. மூளைதான் வேலையைக் காட்டுது, நம்பாதேன்னு எனக்கு நானே சொல்லிக்கிட்டேன். தச்சுக்கிட்டே இருந்தேன்டா. புகை கண்ணுல பட்டப்புறம்தான் திரும்பினேன்."

காற்றைப் பற்றி எவ்வளவோ பேசத் தெரிந்தவன் அந்த அச்சையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

"கேஸ் அடுப்பைப் பத்தவைக்கும்போதும் அப்படித்தான். வாசனை வந்தா எனக்கு நம்பிக்கை இல்ல. கீழ கடைக்காரம்மாவைக் கூப்பிட்டு, 'ஏதாவது வருதா பாருங்க'ன்னு கேட்டுட்டுத்தான் பத்தவைக்கிறேன்" என்றாள். சாதாரணமாகத்தான் சொன்னாள். கோபமாகச் சொல்லியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"தப்பு பண்ணிட்டேன்க்கா."

"அதை விடு. நான் ஒரு தடவை வந்து பாக்கணும். ஆனா பரீட்சை எனக்குத்தான். நீ மோந்து பாத்துச் சொல்ற வேலையெல்லாம் வேண்டாம்."

பூ இன்னும் இரண்டு மூன்று நாள்தான் இருக்கும் என்று சொன்னதால் மறுநாள் மாலையே வந்தாள். வாசலில் மனைவி அவள் கையைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் விடவில்லை. அதற்கு முன்பே நான் சமையலறை ஜன்னலில் ரப்பர் பட்டையைக் கத்தியால் அறுத்து எடுத்து, கொசு வராமல் வலை அடித்து வைத்திருந்தேன்.

அக்கா தன் அறைக்குள் போய்க் கட்டிலில் உட்கார்ந்துகொண்டு கதவைச் சாத்திக்கொண்டாள். விசிறி நிற்காமல் ஓடும். நான் சமையலறை ஜன்னலைத் திறப்பேன், அல்லது மூடுவேன். எது என்று அவளுக்குத் தெரியாது. ஒவ்வொரு முறையும் ஐந்து நிமிடம் கழித்து மனைவி நடையிலிருந்து, "அண்ணி, இப்ப?" என்று கேட்பாள்.

"வருது."

ஜன்னல் மூடியிருந்தது. திறந்தேன்.

"இப்ப?"

"குறையுது. இரு... இல்ல. சுத்தமா இல்ல."

அப்படியே திறந்து வைத்திருந்தேன். "இப்பவும் இல்ல" என்றாள். மூடினேன். "வந்துடுச்சு." திறந்தேன். "போயிடுச்சு. ஏம்மா, அடுப்புல என்னமோ அடிப்பிடிக்குது பாரு!"

மனைவி ஓடிவந்து மூடியைத் தூக்கினாள். குழம்பு அப்போதுதான் அடிப்பிடிக்கத் தொடங்கியிருந்தது. அடுப்புக்கு இரண்டடி தள்ளி நின்ற எனக்கு அது தெரிந்திருக்கவில்லை.

எட்டு முறை பார்த்தோம். எட்டும் சரி. நான் சொல்வதற்கு முன்பே அக்காவுக்குத் தெரிந்துவிட்டது. கதவைத் திறந்துகொண்டு வந்தவள் நடையில் நின்று மூக்கைப் புறங்கையால் துடைத்துக்கொண்டாள். அழுதிருந்தாளா, வாசனையில் கண் கரித்ததா, கேட்கவில்லை.

"செடியை நாளைக்கே எடுத்துடறேன்" என்றேன்.

"வேண்டாம். அதுக்குப் பத்து மார்க் குடுத்தவ இங்க இருக்கா. செடி என்ன பண்ணுச்சு பாவம்."

"ரூம் அப்படியேதான் இருக்குக்கா. இயந்திரத்தை நாளைக்கே வண்டியில ஏத்திட்டு வந்துடலாம்."

அவள் அறைக்குள் ஒரு முறை எட்டிப் பார்த்தாள். "அங்க இப்ப நாலு வாடிக்கை பிடிச்சிருக்கேன்டா. கடைக்காரம்மாவும் நல்ல மாதிரி. இருக்கட்டும்." செருப்பை மாட்டிக்கொண்டே, "எலுமிச்சை பூத்தா சொல்லு, வர்றேன்" என்றாள். எட்டு மணிப் பேருந்துக்கு நேரமாகிவிட்டது. நிறுத்தம் வரை கூட நடந்தேன். ஏறும்போது, "அந்த ஜன்னல் விஷயத்தை எழுதி ஒட்டி வைடா காத்தாடி. நாளைக்கு மறந்துட்டு, திரும்ப யாரையாவது டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போயிடப் போறே" என்றாள். சிரித்தாள் என்றுதான் நினைக்கிறேன். பேருந்து கிளம்பிவிட்டது.

வீட்டுக்கு வந்து கருவிப் பெட்டியில் பழைய மதிப்பெண் தாளைத் தேடி எடுத்தேன். முன்பக்கம் ஒன்றுக்கு முன்னால் நான் போட்ட கழித்தல் குறி அப்படியே இருந்தது. தாளைத் திருப்பி, பின்பக்கத்தில் பெரிய எழுத்தில் எழுதி, சமையலறை சுவிட்சுக்கு மேலே ஒட்டினேன்:

விசிறி வெளியே தள்ளும் அளவு காற்று உள்ளே வர வேண்டும். சமையலறை ஜன்னலை நான்கு விரற்கடை திறந்து வைத்து, அதன் பிறகே விசிறியைப் போடவும்.